தேறக் கூடாத நெஞ்சு

சவரிராயன் சாகப் போகிறார் என்பது அவர் மனைவிக்குத் தெரிவதற்கு முன்பே முத்தியால்பேட்டை கடைத்தெருவுக்குத் தெரிந்துவிட்டது. நல்ல செய்தியானால் ஊர்ந்து வரும் தெரு அது. கெட்ட செய்தி என்றால் மட்டும் அதற்குக் கால் முளைத்துவிடும்.

முப்பத்தைந்தாம் வருஷம், தவக்காலத்து வெள்ளிக்கிழமை. மண்டையைப் பிளக்கிற வெயில். சவரிராயன் அன்றைக்கு ஒருசந்தி. தவக்காலத்தில் ஒரே ஒரு பொழுது சாப்பிட்டு மற்றப் பொழுதெல்லாம் பட்டினி கிடக்கிற விரதம். புஸ்புஸ் வண்டி தள்ளுகிறவனுக்கு ஒருசந்தி கடமையில்லை என்று சாமியாரே சொல்லியும் மனுஷன் கேட்கவில்லை. புஸ்புஸ் வண்டி என்றால் முன்னால் ஒரு சின்னச் சக்கரம், அதைத் திருப்புகிற கம்பி உட்கார்ந்திருக்கும் துரையின் கையில், பின்னாலிருந்து குனிந்து தள்ளுவது சவரிராயன். துரை இடதுபுறம் திருப்பினால் இவரும் இடதுபுறம் போக வேண்டும். வாழ்க்கையில் தன் இஷ்டத்துக்குச் செய்கிற காரியம் இந்த ஒருசந்தி ஒன்றுதான் என்று அவர் வைத்திருந்தார்.

ஒரு வேளைதான் சாப்பிடலாம் என்பது சட்டம். எவ்வளவு சாப்பிடலாம் என்று சட்டம் வாய் திறக்கவில்லை. அதனால் காலையிலிருந்து காய்ந்த வயிற்றில், பிற்பகலில் வந்து உட்கார்ந்து, மூன்று வேளைச் சோற்றையும் ஒரே மலையாகக் குவித்து, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்து, பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு சாப்பிடுவார். சாப்பிட்ட கையோடு தரையில் மல்லாந்துவிடுவார். அன்றும் அப்படித்தான். கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்து வண்டியோடு தெருமுனைக்கு வந்தவர், பள்ளத்தில் இறங்கிய சக்கரத்தைத் தூக்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் போட்டார்கள்.

"மாரப் புடிச்சிக்கினு ஒக்காந்துட்டாரு ஆரோக்கியம்! வேர்வையப் பாரு, ஆறா ஊத்துது!" என்று பக்கத்து வீட்டு அஞ்சலாட்சி ஓடி வந்தாள்.

"அவுங்க அண்ணன் போனாப்லயே இருக்குதே! அதே மாதிரி மாரப் புடிச்சிக்கினு..." என்று தலையில் அடித்துக்கொண்டாள் மனைவி ஆரோக்கியம். சவரிராயனின் அண்ணன் சகாயநாதன் போன ஐப்பசியில் மில் வாசலில் இப்படித்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

"எப்படிய்யா இருக்குது? எங்க வலிக்குது?"

"நடு மாருல... தீ வச்ச மாதிரி... முதுவு வரைக்கும் இழுக்குதுடி..."

சாமியாரைக் கூட்டி வர ஆள் ஓடியது. அவர் வந்து அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார். அது சாகப் போகிறவர்களுக்குப் பூசுகிற எண்ணெய். கண்ணில், காதில், உதட்டில் என்று பூசிக்கொண்டே போனார். ஆரோக்கியத்தால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. சுவரில் மாட்டியிருந்த மாதா படத்துக்கு முன்னால் போய் விழுந்தாள். தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"மாதாவே! இந்த மனுசன எழுப்பிக் குடுத்துடு. இவுரு நெஞ்சு நல்லாயி எழுந்து நடந்தார்னா எம் பொண்ண ஒனக்கே குடுத்துடறேன். கன்னியாஸ்திரீ மடத்துல வுட்டுடறேன். இது சத்தியம்!"

அவளுடைய பெண் ரோசா அப்பாவுக்கு வெந்நீர் எடுத்துக்கொண்டு வந்தவள், வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். நெல்லித்தோப்பில் சைக்கிள் கடை வைத்திருந்த கிறிஸ்துதாஸுக்கும் அவளுக்கும் பாஸ்கு என்கிற ஈஸ்டர் கழிந்த புதன்கிழமை கல்யாணம் என்று நிச்சயமாகி, கோயிலில் கல்யாணத்தை அறிவிக்கிற ஓலை இரண்டு வாசித்தாகிவிட்டது. மூன்றாம் ஓலைதான் பாக்கி.

சாமியார் எண்ணெய் விரலைத் துடைப்பதற்குள் சவரிராயன் வெந்நீரைக் குடித்துவிட்டு, பெரிதாக ஓர் ஏப்பம் விட்டார். கொஞ்ச நேரத்தில் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "மாதா கேட்டுக்கினா!" என்று அஞ்சலாட்சியே கையெடுத்துக் கும்பிட்டாள். அந்த ஏப்பத்தை யாராவது கவனித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் புண்ணியகாரியம் நடக்கிற இடத்தில் ஏப்பத்தை யார் கவனிப்பார்கள்?

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. வண்டி சுவரோரம் சாய்ந்து கிடந்தது. சவரிராயனை எழுந்திருக்க விடாமல் படுக்க வைத்தார்கள். நோயாளிக்கு ஒருசந்தி கிடையாது என்று ஆளாளுக்கு எதையாவது கொண்டுவந்து ஊட்டினார்கள். நெஞ்சுக்குப் பலம் என்று பூண்டுக் குழம்பு வந்தது. வாயுவுக்கு நல்லது என்று மிளகு ரசமும், தெம்புக்கு என்று திக்கான காப்பியும் வந்தன. எல்லாவற்றையும் சாப்பிட வைத்து, உடனே மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். படுத்தால் வலித்தது. வலிக்கிறது என்று மறுபடியும் சாப்பிட வைத்துப் படுக்க வைத்தார்கள். அன்பு அவரைக் கொல்லாமல் கொன்றுகொண்டிருந்தது.

கிறிஸ்துதாஸின் அம்மா அந்தோணிமேரி வந்தாள். தெளிவாகப் பேசுகிறவள்.

"இன்னா சம்மந்தி, இப்படி வாய வுட்டுட்டியே! ஓலை வாசிச்ச பொண்ண மடத்துக்கு நேந்துக்குவாங்களா?"

"உசுரு போறப்போ ஓலையா ஞாபகம் வரும்?"

"செரி, இப்ப இன்னாதான் சொல்ற? கல்யாணம் உண்டா, இல்லையா?"

ஆரோக்கியம் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு யோசித்தாள். "இவுரு தேறிட்டார்னா பொண்ணு மாதாவுக்கு. தேறலன்னா, கண்ண மூடறதுக்குள்ள பொண்ணு கழுத்துல தாலியப் பாத்துட்டுப் போவட்டும். பாஸ்கு வரைக்கும் பாப்போம்."

"அப்போ எம் புள்ள இன்னா வேண்டிக்கணும்? மாமனாரு தேறக் கூடாதுன்னா?"

 சாமியாரிடம் கேட்டுப் பார் என்றும் அந்தோணிமேரி சொன்னாள். அதற்கு ஆரோக்கியம் சொன்னாள்: "கேட்டேன். அடுத்தவங்கள நேந்துவுட்டா அது அவுங்களக் கட்டாதாம். சாமியாரு சொல்லிட்டாரு. மாதா சொல்லலியே. மொதப் புள்ளைக்கு முடியெறக்கறேன்னு வில்லியனூரு மாதாவுக்கு நேந்துக்கினு, அடுத்த வருசம் பாத்துக்கலாம், அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு தள்ளிப்போட்டேன். பெரியம்ம வந்து தலமுடியோட தூக்கிக்கினு போயிடுச்சு. இன்னொரு தரம் நான் மாதாவ ஏமாத்த மாட்டேன்."

 பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் என்ன வழக்காட முடியும்? அந்தோணிமேரி எழுந்து போய்விட்டாள்.

கிறிஸ்துதாஸ் ஞாயிறுதோறும் வந்தான். கையில் ஏதாவது பழம் இருக்கும். "எப்படி மாமா இருக்கு?" என்று கேட்பான். "தேவலாம்பா" என்று மாமா சொன்னால் பையனின் முகம் விழுந்துவிடும். "நேத்து கொஞ்சம் வலி ஜாஸ்தி" என்றால், பாவம், சந்தோஷப்படவும் முடியாது, வருத்தப்படவும் முடியாது. ரோசா அடுப்படியிலிருந்து பாத்திரத்தை நங்கென்று வைப்பாள். அவள் சாந்தமான பெண் இல்லை. "எங்கம்மா உசுருக்கு உசுரு குடுக்குது. ஆனா குடுக்கறது அதோட உசுரு இல்ல, என் உசுரு" என்று அஞ்சலாட்சியிடம் சொல்லியிருந்தாள்.

சவரிராயனுக்குப் படுத்துப் படுத்து முதுகு வலித்தது. ஒரு நாள் விடிந்ததும் ஆரோக்கியம் பூசைக்குப் போயிருந்தபோது, வெறும் வயிற்றோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். நேராகத் தொக்தேர் தணிகாசலம் வீட்டு வாசலில் நின்றார். பிரெஞ்சுக்காரர் ஊரில் டாக்டருக்குத் தொக்தேர் என்று பேர், ஐயா என்பதற்கு முசே. பல வருஷமாகத் தொக்தேர் இவர் வண்டியில்தான் போவது. ஆள் கனம். உட்கார்ந்தால் வண்டி ஒரு முனகு முனகும்.

"இன்னாய்யா சவரி, செத்துட்டேன்னு சொன்னாங்க?"

"எண்ணெயே பூசிட்டாங்க முசே. இன்னும் சாவலை."

"எப்ப வலிக்குது?"

"சோறு துன்னுட்டுப் படுத்தா வலிக்குது. துன்னுட்டுக் குனிஞ்சா வலிக்குது. சில நாளு தொண்டையில புளிச்ச தண்ணி வருது, பழைய கள்ளு மாதிரி."

"வண்டி தள்றப்போ?"

சவரிராயன் யோசித்தார். "வெறும் வவுத்துல தள்னா இல்ல முசே."

தொக்தேர் ஏறி உட்கார்ந்தார். "பிள்ளைச்சாவடி ரோட்டுக்குத் தள்ளு."

ஊர் தாண்டியதும் ரோட்டில் கடல்மணல் ஏறிக் கிடந்தது. சக்கரம் புதைந்தது. தொக்தேர் வேண்டுமென்றே மணல் பக்கமாகவே கம்பியைத் திருப்பினார். சவரிராயன் பல்லைக் கடித்துக்கொண்டு, தலையைத் தொங்கப் போட்டு, தோளைக் கொடுத்துத் தள்ளினார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. வலைக்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பிள்ளைச்சாவடி குடிசைகள் தெரிகிற இடம் வரை போனதும் தொக்தேர் நிறுத்தச் சொன்னார். கீழே இறங்கி, பையிலிருந்து குழாயை எடுத்து இவர் நெஞ்சிலும் முதுகிலும் வைத்துக் கேட்டார்.

"இப்ப வலிக்குதா?"

"இல்ல முசே. மூச்சுதான் வாங்குது."

"நானும் இந்த மணலும் சேந்து ஒன்னக் கொல்லலன்னா ஒன் நெஞ்சுல ஒண்ணுமில்லய்யா. நெஞ்சு கெட்டவனுக்குத் தள்றப்போதான் வலிக்கும். ஒனக்குப் படுத்தா வலிக்குது. இது வவுறு. வவுத்துல இருக்கிற புளிப்பு மேல ஏறி மாரு கொழாயச் சுடுது. சுட்டா மாரடைப்பு மாதிரியேதான் இருக்கும், பெரிய தொக்தேருங்களே ஏமாந்துபோவாங்க."

"அப்ப எங்கண்ணன்?"

"ஒங்கண்ணனுக்கு நெசமாவே நெஞ்சு. ஒனக்கு மலைமலையாச் சோறு. ஒரே வேளையா கொட்டிக்காத. கொஞ்சங் கொஞ்சமா பிரிச்சித் துன்னு. துன்னதும் படுக்காத. காரம், காப்பி வேணாம். படுத்தாலும் தலமாட்ட ஒசரமா வச்சிக்க. வலிச்சா ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டு வெந்நி குடி. ஒரு வாரத்துல நல்லாயிடும்."

சவரிராயன் சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார். கடலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். வண்டியைத் திருப்பிக்கொண்டு கால் தரையில் படாமல் வந்தார். சோலைத்தாண்டவன்குப்பம் வரும்வரை அந்தச் சந்தோஷம் இருந்தது. அங்கே திடீரென்று வண்டி நின்றுவிட்டது.

"இன்னாய்யா, வலியா?"

"இல்ல முசே. சும்மா" என்று சொல்லி மறுபடி தள்ளினார். நெஞ்சு நல்லாயி எழுந்து நடந்தார்னா. நேர்ச்சையில் ஆரோக்கியம் சொன்ன வார்த்தை ஒவ்வொன்றும் காதில் கேட்டது. ஒரு வாரத்தில் நல்லாகிவிடுமாம். பாஸ்குவுக்கு இன்னும் எத்தனையோ நாள் இருந்தது. அதற்குள் தேறிவிட்டால் ரோசா மடத்துக்கு.

வலிக்கிற மாதிரி நடித்துவிட்டால் என்ன என்று நமக்குத் தோன்றும். அவருக்கும் தோன்றியிருக்கும். ஆனால் நடித்து ஆரோக்கியத்தை ஏமாற்றலாம், மாதாவை ஏமாற்ற முடியுமா? நெஞ்சு நிஜமாகவே தேறக் கூடாது. அதற்கு வழியைத் தொக்தேரே சொல்லிக் கொடுத்திருந்தார். எதையெல்லாம் செய்யாதே என்றாரோ அதையெல்லாம் செய்ய வேண்டியதுதான்.

செய்தார். உடம்பு கொஞ்சம் தேவலாம், மறுபடி ஒருசந்தி பிடிக்கிறேன் என்று அடம்பிடித்தார். ஒரே வேளைச் சோற்றை மலையாகக் குவித்தார். மோரை ஒதுக்கினார், மிளகாயைக் கூட்டினார். காப்பிக் கடையில் கறுப்புக் காப்பியை மடக்மடக்கென்று குடித்தார். சாப்பிட்டதும் தலைக்கு ஒன்றும் இல்லாமல் கட்டாந்தரையில் மல்லாந்தார். தினம் பிற்பகல் நெஞ்சு எரிந்தது. நெற்றி வேர்க்க, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு முனகுவார். முன்னெல்லாம் வலியில் ஒரு பயம் இருந்தது. இப்போது பயம் போய்விட்டது, வலி மட்டும்தான். ஆனால் தெரிந்தே தீயில் கை வைப்பது லேசான காரியம் இல்லை. குரல் கம்மிப்போயிற்று. சோற்றைப் பார்த்தாலே கண் கலங்கியது.

ரோசாதான் கண்டுபிடித்தாள். கிணற்றடியில் துணி அலசப் போனவள், அப்பா முருங்கை மரத்துக்குப் பின்னால் நின்று பச்சை மிளகாயைப் பழம் மாதிரிக் கடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் தாரையாக வழிந்துகொண்டிருந்தது.

"அப்பா! இன்னாப்பா பண்ற?"

"ஒண்ணுமில்ல, போ."

"வலியில துடிக்கிற, மொளகாயத் துன்ற. எனக்குக் கண்ணு இல்லியா? சொல்லு. சொல்லலன்னா அம்மாவக் கூப்புடுவேன்."

அவர் சொல்லிவிட்டார். தொக்தேர் சொன்னது, பிள்ளைச்சாவடி மணல், எல்லாம். ரோசா துணியைக் கல்லில் போட்டுவிட்டு நின்றாள்.

"எனக்காவா?"

"பின்ன, எனக்காவா?"

"வேணாம்பா. நான் மடத்துக்கே போறேன். நீ இப்படி எரிஞ்சி நான் இன்னா கல்யாணம் பண்ணிக்கிறது?"

"மடத்துல ஒன்ன வச்சிக்க மாட்டாங்க, ஒன் வாய்க்கு. மறுநாளே கொண்டாந்து வுட்டுடுவாங்க. போ, துணிய அலசு. பாஸ்கு வந்துடுச்சி."

துணியை அலசினாள். அலசிக்கொண்டே அழுதாள். இரண்டு நாள் போயிற்று. குருத்தோலை ஞாயிறு அன்று கோயிலிலிருந்து வந்ததும், குருத்தோலையைக்கூட வைக்காமல் அம்மா முன்னால் போய் நின்றாள்.

"அப்பாவுக்கு நெஞ்சுல ஒண்ணுமில்ல. வவுறுதான். போயி தொக்தேரக் கேளு. பத்தியமா இருந்தா ஒரு வாரத்துல தேறிடுவாராம். நீ நேந்துக்கினபடியே என்னக் கொண்டுபோயி வுடு. அவுரு துன்றத நிறுத்து."

"யாருடி சொன்னது?"

"கேளுன்னா கேளு!"

ஆரோக்கியம் அப்படியே முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். தொக்தேர் தணிகாசலம் சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஒன் வீட்டுக்காரன்கிட்ட எல்லாம் சொன்னேனேம்மா. இன்னும் வலிக்குதுன்னா அவன் பத்தியம் இருக்கலன்னு அர்த்தம். கூப்புடு அவன, நல்லா நாலு கேள்வி கேக்கறேன்."

"இல்லீங்க முசே, கேக்காதீங்க." ஆரோக்கியம் தூணைப் பிடித்துக்கொண்டு, மணலில் வண்டி தள்ளின கதையை இரண்டு தடவை கேட்டாள். சாதாரணமாகப் புருஷன் மேல் கோபம் வந்தால் தெருவே கிடுகிடுக்கும். இப்போது அவளுக்குக் கோபம் வரவில்லை. தனக்குத் தெரியாமல் அந்த மனுஷன் தினம் தினம் எரிந்துகொண்டிருந்தான் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கடைசியாக ஒன்று கேட்டாள்.

"பத்தியம் இல்லாம இன்னும் ஒரு பத்து நாளு இப்படியே இருந்தா, உசுருக்கு ஒண்ணும் ஆவாதுங்களே?"

"உசுருக்கு ஒண்ணும் ஆவாது. ஆனா எதுக்கும்மா இருக்கணும்?" தொக்தேர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். அவள் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

வெயிலில் நடந்தே வந்தாள். வழியில் கோயிலுக்குள் நுழைந்து, மாதா பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றாள். ஜெபமாலையை எடுக்கவில்லை. என்ன பேசினாள் என்று யாருக்குத் தெரியும்? வெளியே வரும்போது முகம் வீங்கியிருந்தது. நேராக, மூன்றாம் ஓலையையும் வாசித்துவிடச் சொல்லக் கோயில் உபதேசியார் வீட்டுக்குப் போனாள். பிறகு கடைத்தெருவில் கருவாடு வாங்கினாள்.

சவரிராயன் வீட்டுக்கு வந்தபோது பிற்பகலாகிவிட்டது. ரோசா மூலையில் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் இருந்த இருப்பைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. சுவரோரமாக, அடி வாங்கப் போகிற பையனைப் போல உட்கார்ந்தார்.

ஆரோக்கியம் தட்டைக் கழுவி முன்னால் வைத்தாள். அவர் வழக்கமாகக் குவிப்பதைவிட ஒரு கரண்டி கூடச் சோறு போட்டாள். குழம்பு ரத்தச் சிவப்பாக இருந்தது. ஊற்றினாள். நாலு பச்சை மிளகாயைக் கிள்ளி ஓரத்தில் வைத்தாள்.

"தொக்தேரு ஊட்டுக்குப் போயிட்டு வந்தேன்" என்றாள்.

சவரிராயன் கையைத் தட்டில் வைத்தபடி நிமிர்ந்தார். "ஆரோக்கியம்..."

"உசுருக்கு ஒண்ணும் ஆவாதாம். சாப்புடு."

"நேர்ச்சை?"

"நீ எங்க தேறின? நீ இன்னும் தேறலியே." குழம்புச் சட்டியை மூடினாள். "மாதா ஆம்பளப் புள்ளயப் பெத்தவ. பொண்ணப் பெத்தவ வவுறு அவளுக்கு எப்படித் தெரியும்? நான் போயி சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன். கல்யாணம் முடியட்டும். அப்புறம் அவ என்னைய இன்னா வேணா பண்ணிக்கட்டும். என்னைய. எம் பொண்ண இல்ல."

ரோசா தலையைத் தூக்கினாள். ஓடிவந்து தட்டைப் பிடுங்கப் பார்த்தாள். ஆரோக்கியம் அவள் கையைத் தட்டிவிட்டாள். "நீ போயி ஒன் வேலயப் பாருடி. இது எங்க ரெண்டு பேருக்குள்ள."

சவரிராயன் சாப்பிட்டார். மனைவி பார்த்துக்கொண்டிருக்க, கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டார். ஆரோக்கியம் தரையைத் துடைத்து, தலையணை இல்லாமல் வெறும் பாயை விரித்தாள். அவர் மல்லாந்து படுத்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து விசிறத் தொடங்கினாள். வெளியே தெருவில் வெயில் அசையாமல் நின்றது. கொஞ்ச நேரத்தில் அவர் நெற்றியில் வேர்வை அரும்பியது. கால்கட்டை விரல் மடங்கியது.

"எரியுதா?" என்று கேட்டாள்.

"எரியுது."

"நல்லா எரியுதா?"

"எரியுதுடி..."

ஆரோக்கியம் விசிறியைக் கீழே வைத்தாள். அவர் நெஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்து மெல்லத் தேய்த்தாள். அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு அவர் கழுத்தில் விழுந்தது. அதைத் துடைக்கவில்லை.

"எரியட்டும்" என்றாள்.